மாடிப் பாட்டின் நிறுத்தம்

"மேல நான் வாசிக்கிறது உங்களுக்குத் தொந்தரவா இருக்குங்களா?"

"வாசிக்கிறதா? என்ன வாசிக்கிறீங்க?"

"கிட்டார். காலையில, கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னால கொஞ்ச நேரம். என் ரூம் உங்க ரூமுக்கு நேர் மேலன்னு உங்க அத்தான் இப்பத்தான் சொன்னார். சங்கடமாப் போச்சு."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"அப்பாடா! யாராவது கேக்குறாங்கன்னு தெரிஞ்சா எனக்குக் கை வராதுங்க. விரலெல்லாம் விறகுக்கட்டை ஆயிடும்."

இந்தப் பேச்சு நடந்தது மாடிப்படித் திருப்பத்தில். அவர் கையில் நனைந்த குடை, அவள் கையில் மழைக்குப் பயந்து அவசரமாக எடுத்த துணிகள். மருந்துக்கடைக்காரர் மாடிக்குக் குடிவந்த புதிது. இப்போது இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. ஆனாலும் தூக்கம் கலைந்தும் கலையாமலும் கிடக்கிற விடியல்களில் அந்தப் பேச்சு அவள் காதில் முதலிலிருந்து ஓடும். 'ஒண்ணுமே' என்ற இடம் வந்ததும் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொள்வாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? குடையிலிருந்து சொட்டிய தண்ணீரில் நின்றுகொண்டு அவர் கேட்ட விதம் அப்படி. ஊசிக்குப் பயந்த பிள்ளை டாக்டரின் முகத்தைப் பார்ப்பது போல அவர் அவளைப் பார்த்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடுகளவு பொய்தான். அதன் கனம் மறுநாள் காலையில்தான் தெரிந்தது. கேட்கவே இல்லை என்று சொன்னவள், பிறகு எந்த வாயால் 'அது என்ன பாட்டு?' என்று விசாரிப்பாள்? 'நேத்து ஏன் வாசிக்கல?' என்று எப்படிக் கேட்பாள்?

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவர் வாசிக்கிற நேரத்தில் மாடிக்குப் போக வேண்டும். அந்த அறையில் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 'நான் வந்து உக்காரட்டுமா?' இவ்வளவுதான் கேள்வி. இந்தக் கேள்வி இரண்டு வருஷமாகத் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கேட்டால் பொய் வெளுத்துவிடும். பொய் வெளுத்தால் அவர் விரல் விறகாகிவிடும். பாட்டே நின்றுபோகும்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதிலும் சின்னவள்தான். கல்யாணப் பேச்சு வந்து வந்து போய், பிறகு வருவதையே நிறுத்திக்கொண்ட பின், அக்காள் வீட்டுக் கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய அறை அவளுடையதானது. வேலை, பல் செட் செய்கிற கூடத்தில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறம் பார்த்து உட்கார வைப்பாள். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள்தான் குடித்தனம். முகத்தை மட்டும் பார்த்ததே கிடையாது. அச்சில் இருக்கிற பள்ளத்தைப் பார்த்தே, இவர் ஒரு பக்கமாக மெல்லுகிறவர், இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று சொல்லிவிடுவாள்.

வீட்டிலும் ஒரு கிட்டார் இருந்தது, அத்தானுடையது. ஏதோ ஒரு வேகத்தில் வாங்கினார். கூடவே கற்றுக்கொள்ள ஒரு புத்தகமும் வாங்கினார். அதில் ஆறு கம்பிக்கு ஆறு கோடு போட்டு, கோட்டின்மேல் எண்கள் எழுதியிருக்கும். எந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டத்தில் விரலை வைக்க வேண்டும் என்று அந்த எண் சொல்லும்.

"இது பாட்டா, டெலிபோன் டைரக்டரியா?" என்று ஒரு மாதத்தில் அத்தான் கையை உதறிவிட்டார். கிட்டார் பீரோ மேல் ஏறிக்கொண்டது.

அதை இறக்கித் தூசி தட்டியவள் இவள்தான். முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் முட்டிப் பார்த்தாள். எண் சொன்ன இடத்தில் விரலை வைத்தாள். சத்தம் வந்தது, பாட்டு வரவில்லை.

"வீட்டு விலாசமெல்லாம் சரியா இருக்கு அத்தான். வீட்டுக்குள்ள எவ்வளவு நேரம் உக்காரணும்னு மட்டும் எழுதல."

"அந்தப் புத்தகம் என்னை வாசலோடவே அனுப்பிடுச்சு கொழுந்தியா. உனக்காவது கதவைத் திறந்துச்சே."

பிறகுதான் அவள் கூரையிடம் போனாள். காலையில் மேலே பாட்டு தொடங்கும். படுக்கையில் மல்லாந்து கிட்டாரை மார்மேல் போட்டுக்கொள்வாள். வாசிக்க மாட்டாள், சும்மா பிடித்திருப்பாள். மேலிருந்து இறங்கி வருகிற சத்தம் கனமாக, நிதானமாக இருக்கும். பெரிய வீடு ஒன்றுக்குள் யாரோ வெறுங்காலோடு நடந்து போவது மாதிரி. ஓர் அறையைக் கடந்து இன்னோர் அறை, பிறகு ஒரு நடை, அதன் கடைசியில் ஒரு ஜன்னல். அவள் கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடப்பாள். சில சுரங்கள் இறங்கி வரும்போது மார்மேல் கிடக்கும் மரப்பெட்டியும் லேசாக அதிரும். 'அட, இது இந்தக் கம்பி!' என்று உடம்பே கண்டுபிடித்துச் சொல்லும். சாயந்தரம் வேலை முடிந்து வந்ததும், மருந்துக்கடைக்காரர் கடையில் இருக்கிற தைரியத்தில், காலையில் பிடித்ததைக் கம்பியில் தேடுவாள். தப்பான கட்டம், தப்பான கட்டம், சரியான கட்டம். சரியானது கிடைத்த அன்று முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே பாட்டு நிற்கும். முடிந்துபோன மாதிரி நிற்காது, மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல் நிற்கும். மேலே நாற்காலி மெல்ல முனகும். பிறகு பாட்டு தொடரும். பாட்டு முழுக்க அவளுக்குப் பிடித்த இடம் எது என்றால், சத்தமே இல்லாத அந்த இடம்தான். அங்கே அவர் என்ன நினைப்பார்? ஜன்னல் வழியே எதைப் பார்ப்பார்? நாற்காலி முனகுகிறதே, யாரையாவது நினைத்துப் பெருமூச்சு விடுகிறாரோ? மெழுகில் பல் நடும்போதும், பஸ்ஸில் நின்று வரும்போதும், அந்த நிறுத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அதற்குள் ஒரு நாள் கடல் இருக்கும், ஒரு நாள் மொட்டைமாடி இருக்கும், ஒரு நாள் இரண்டு நாற்காலிகள் மட்டும் இருக்கும். அவள் வாசிக்கும்போதும் அந்த இடத்தில் தவறாமல் நிறுத்துவாள். நாற்காலி முனகுகிற நேரம் வரை காத்திருந்துதான் தொடர்வாள்.

"ஏன்டி, உனக்கு மறந்து போச்சா, இல்ல பாட்டுக்கு விக்கலா?" என்பாள் அக்காள்.

"மறக்கலக்கா. பாட்டே அப்படித்தான்."

"எனக்கென்னவோ இந்தப் பாட்டுல தலையே இல்ல," என்பார் அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "டும், டும்னு காலு மட்டும் நடந்து போவுது. ஆளு எப்ப வருவான் கொழுந்தியா?"

உங்களுக்கு ஞானம் போதாது என்கிற மாதிரி அவள் சிரித்துக்கொள்வாள்.

மருந்துக்கடைக்காரரை அவள் கடையில் பார்ப்பதுதான் அதிகம். அக்காளுக்குத் தலைவலித் தைலம், அத்தானுக்கு இருமல் மருந்து என்று வீட்டில் எல்லோருக்கும் அடிக்கடி உடம்புக்கு வந்தது. அவர் எதையும் டாக்டர் சீட்டில் எழுதியபடிதான் கொடுப்பார். ஒரு மாத்திரை கூடுதலாகக் கெஞ்சினாலும் நடக்காது. அதனால் அத்தான் அவருக்கு வைத்த பெயர் 'மாத்திரை'. கொடுக்க வேண்டியதைக் காகித உறையில் போட்டு, காலை, மாலை என்று தெளிவாக எழுதி, கவுன்ட்டரில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்ப்பார்.

"வேற ஏதாவது வேணுங்களா?"

கேள்வி தொண்டைக்கு வந்துவிடும்.

"இல்லீங்க. போதும்," என்பாள். தைலத்தோடு திரும்பி நடப்பாள்.

இப்படியே போயிருக்கும். கடைக்கு வர்ணம் அடிக்கிறார்கள் என்று அவர் ஒரு நாள் மாலை சீக்கிரமே வீடு திரும்பாமல் இருந்திருந்தால்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. பாட்டு முடிந்து அவள் கையை எடுத்ததும் கதவை யாரோ தட்டினார்கள். அக்காளாக இருக்கும் என்று, "வா வா," என்றாள். வந்து நின்றவர் மருந்துக்கடைக்காரர். சட்டைக் கையில் வெள்ளை வர்ணம் தீற்றியிருந்தது. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரை கண்டதில்லை.

"நீங்களா வாசிச்சீங்க? அந்தத் தாள் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"எந்தத் தாளுங்க?"

"ரெண்டு கிட்டாருக்குப் பிரிச்சு எழுதின தாள். மேல் பாதி ஒருத்தருக்கு, கீழ் பாதி இன்னொருத்தருக்கு. அப்படி ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு நானும் ஏறாத கடை இல்ல. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஆளு ரெண்டையும் சேத்து வாசிக்கிறது. கட்டைவிரல் தடிச்ச கம்பியில கீழ் பாதியை மீட்டும், மத்த விரல் மெல்லிசுக் கம்பியில மேல் பாதியைப் பாடும். நீங்க வாசிச்சது அந்தக் கீழ் பாதிதானே? அச்சு அசல்!"

கீழ் பாதி.

அப்படியானால் மேல் பாதி என்று ஒன்று இருக்கிறது. அவளுக்குக் காது சூடாகியது. கூரை மெல்லிய சத்தங்களையெல்லாம் தானே வைத்துக்கொண்டு, தடித்ததை மட்டும் இவளுக்குக் கீழே இறக்கியிருக்கிறது. கீழ்த்தாடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழு வாய் என்று நம்பியிருக்கிறாள், அதுவும் பல் செய்கிறவள்! அத்தான் சொன்ன கால் இதுதான். ஆளைத்தான் இவள் இன்னும் பார்க்கவில்லை.

"எனக்காக இன்னொரு தடவை வாசிங்களேன்," என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார்.

தப்பிக்க வழி தெரியாமல் அவள் வாசித்தாள். அவர் உதடு மேல் பாதியை முணுமுணுத்துக்கொண்டே வந்தது. நடு இடம் வந்தது. பழக்கதோஷம், அவள் நிறுத்தினாள். முணுமுணுப்பு மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய்த் திகைத்து நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

"அங்க ஏன் நிறுத்தினீங்க?"

"பாட்டு அங்க நிக்கும் இல்லீங்களா?"

"நிக்காதே. ஓடிக்கிட்டே இருக்கணும். அங்கதான் என் தாள் முடியும். அதனால நான்தான் அங்க..."

அவர் கை காற்றில் ஒரு தாளைத் திருப்பியது. திருப்பிய கை இறங்காமல் அப்படியே நின்றது. எந்த அச்சடித்த தாளிலும் இல்லாத நிறுத்தம் அது. அவருடைய அறையில், அவருடைய நாற்காலியில், முன்னால் சாய்ந்து அவர் தாளைத் திருப்புகிற நேரத்தில் மட்டும் பிறக்கிற நிறுத்தம். அதை இவள் எங்கிருந்து கற்றிருக்க முடியும்?

"ஒண்ணுமே கேக்கலன்னு சொன்னீங்க," என்றார் மெதுவாக.

"கேட்டுச்சு," என்றாள் அவள், கிட்டாரைப் பார்த்தபடி. "முதல் நாள்லேருந்து."

அவர் தலையாட்டினார். கோபமா, வெட்கமா, என்னவென்று தெரியாத ஒரு தலையாட்டல். படியேறிப் போய்விட்டார். கடலும் மொட்டைமாடியும் இரண்டு நாற்காலிகளும் வைத்து அவள் குடியிருந்த இடத்தில், அந்த மனிதர் காகிதம் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது.

அதன் பிறகு காலைகள் ஊமையாகின. கூரை வெறும் கூரையாக இருந்தது.

"என்ன, மாத்திரை மௌன விரதமா?" என்று அத்தான் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "காலையில அந்த டிங் டிங் இல்லாம எனக்கு ஷேவ் பண்ணவே கை ஓடல."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "டிங் டிங்கா? உங்களுக்கு அது கேக்குமா அத்தான்?"

"குளியலறை ஜன்னலும் மாடி ஜன்னலும் ஒண்ணுக்கு மேல ஒண்ணுதானே? குயில் மாதிரி கேக்கும். உனக்கு டும் டும், எனக்கு டிங் டிங். பாகம் பிரிச்ச சொத்து மாதிரி."

"நீங்க சொன்னதே இல்லையே!"

"நீ கேட்டதே இல்லையே."

அக்காள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடப் பிறந்தவள், தங்கை முகத்தைப் படிக்க அவளுக்குத் தாள் வேண்டியதில்லை.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டிக் குடுக்குறா," என்றாள் பாத்திரத்தைக் கழுவியபடி. "தனக்குன்னு வாயத் திறக்கத் தெரியல. என்னத்தச் சொல்ல!"

ஒரு காலையில் பாட்டு திரும்பி வந்தது.

அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். கனவா நிஜமா என்று பிரியவில்லை. அந்தப் பெரிய வீட்டில் வெறுங்கால்கள் மறுபடி நடந்தன. ஓர் அறை, இன்னோர் அறை, நடை. அவள் மூச்சுவிடாமல் கூடவே போனாள். நடு இடம் வந்தது. பாட்டு நின்றது.

நாற்காலி முனகவில்லை.

அவள் காத்திருந்தாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதே இடத்துக்கு வந்து அதேபோல் நின்றது. இந்த முறை நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. தெருவில் சைக்கிள் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது. சமையலறையில் குழாய் திறந்து மூடியது. மேலே ஒரு மனிதர் கையில் கிட்டாரோடு அசையாமல் இருக்கிறார் என்பது அவளுக்கு உடம்பிலேயே தெரிந்தது. எழுந்தாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை, கூந்தலை அள்ளி முடிந்தபடி, செருப்பில்லாமல், அந்த நிறுத்தத்துக்குள்ளேயே படியேறினாள்.

கதவைத் திறந்தவர் பின்வாங்கி வழிவிட்டார். அவள் அந்த அறையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதன் முன்னால் கம்பியாலான தாள் தாங்கி. தாள் பறக்காமல் இரண்டு துணி கிளிப்புகள், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். ஆறு ஆறு கோடுகளாக, எண்கள் பொடி எறும்பு போல் ஊர்ந்தன. மூலையில் இன்னொரு நாற்காலி, மடித்த துணியைச் சுமந்துகொண்டு.

"நான் பொய் சொல்லிட்டேங்க," என்றாள். படியேறிய மூச்சு இன்னும் வாங்கியது. "அன்னைக்கு நீங்க பயந்ததால அப்படிச் சொன்னேன். அப்புறம் பாட்டு நின்னுடும்னு நான் பயந்தேன். இனிமே காலையில நான் சீக்கிரமாவே கிளம்பிடுறேன். அத்தான் குளிக்கிறப்போ பாடுவார், அவர் காதுக்கு அவர் பாட்டே போதும். கீழ யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க வாசிங்க."

"கை வருதுங்க," என்றார் அவர். அவருக்கே அது புதிராக இருந்தது. "அதான் ஆச்சரியம். இத்தனை நாளா நீங்க கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க, ஒரு விரலும் விறகாகல. தெரிஞ்சதும் பயந்து கொஞ்ச நாள் கிட்டாரையே தொடல, தொட்டுப் பாத்தா அப்பவும் ஆகல. ஆனா அந்த இடம் வந்ததும், கீழ ஒருத்தர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு நெனப்பு வந்துடுது. தாள் பக்கம் கையே போக மாட்டேங்குது. அங்கேயே உக்காந்துடுறேன்."

"தாளைப் பாக்காம வாசிக்கலாமே? பாட்டு காதுலயேதான் இருக்குமே?"

"உங்களுக்கு இருக்கும். நான் சீட்டு இல்லாம ஒரு மாத்திரை குடுக்காத ஆளாச்சே."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் அறையில் எதுவும் மிச்சமில்லை, அந்த நிறுத்தத்தைத் தவிர. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற பழக்கம், அவர் வாய் தானாகக் கேட்டது.

"வேற ஏதாவது வேணுங்களா?"

'இல்லீங்க. போதும்' என்ற பதில் அவள் நாக்கு நுனியில் எப்போதும்போல் தயாராக நின்றது. அவள் தாளைப் பார்த்தாள். அந்த எண்களில் எது எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தாள் எப்போது முடியும் என்று இந்த உலகத்தில் அவரை விட்டால் அவளுக்குத்தான் தெரியும். இமைப்பொழுது முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவள் வாய் திறந்துவிட்டால், அதன்பின் அந்த இடத்தில் பாட்டு நிற்காது. கடலும் மொட்டைமாடியும் போய்விடும். போகட்டும். இரண்டு நாற்காலிகள் இங்கேயே இருக்கின்றன.

"வேணும்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க வாசிக்கிறப்போ நான் பக்கத்துல வந்து உக்காரட்டுமா? கேக்குறதுக்கு மட்டும் இல்லீங்க. தாள் திருப்ப."